ஆளுக்குப் பாதி

மார்ச் 11

சிஸ்டருக்கு,

என் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, போன் மாதிரிக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாதே, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் நான் கத்தியது தப்புதான். படுத்திருந்த நோயாளிகள்கூட எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உங்கள் மானத்தை வாங்கினேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கத்திய விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

மூன்றாம் மாடிக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவர் நீங்கள். (குடும்பங்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்று மாடியையும் கதவின் நிறத்தையும் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். ஆத்திரத்தில்கூட அந்தப் பழக்கம் போகவில்லை, பாருங்கள்.) புருஷன் விட்டுவிட்டு ஓடிய பெண், இடுப்பில் கைக்குழந்தை. எங்கள் சமூகநல சென்டர் அவளுக்கு அந்த வீட்டைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் கூடத் தங்க வேண்டும். அண்ணன் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு நாத்தனாரே வந்து தங்கினாள். எவ்வளவு நல்ல பெண் என்று நாம் இருவரும் சேர்ந்துதானே மெச்சிக்கொண்டோம்?

அந்த நாத்தனார் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய் மாதக்கணக்காகிறதாம். மருத்துவமனையில் குழந்தையின் வெந்த காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தெரிகிறது. உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மூச்சு விடவில்லை.

அவள் வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனபோது வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருந்திருந்தால் அந்தக் கால் வெந்திருக்குமா? எழுப்பினால் முறைக்கிறாள் என்று நீங்கள்தானே அந்தக் குழந்தைக்கு மகாராணி என்று பெயர் வைத்தீர்கள்? மகாராணியை மருத்துவமனையிலிருந்து நேரே யாரோ ஒரு குடும்பத்திடம் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதம் குழந்தை நலக் குழு கூடும். பெற்றவளிடம் திருப்பிக் கொடுப்பதா, ஒரேயடியாக வேறு இடத்தில் வளர்ப்பதா என்று அங்கேதான் முடிவாகும். "தனியாக இருப்பதை மறைத்தவர், நம்பத் தகாதவர்" என்று அறிக்கையில் எழுதியாகிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
சென்டரிலிருந்து

•

மார்ச் 17

சமூகப் பணியாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் படித்து முடிப்பதற்குள் கிழிக்கும் தெம்பு போய்விட்டது.

விசாரணை முடியும்வரை என்னை வெளியூர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஊசி, அழுகை, அடுத்தது. யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். எனக்கு என்னவோ அது போதாது போலிருக்கிறது.

ஆமாம், தெரியும். அவளே சொன்னாள். குழந்தையைத் தராசில் கிடத்தி முள் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். "சிஸ்டர், ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். மாட்டேன் என்றால்தான் அடுத்த வாரமும் கதவு திறக்கும். மாட்டேன் என்றேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நீலக் கதவு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த அம்மா தம்பியை வீட்டில் தங்க வைத்துக்கொண்டது நிபந்தனையில் இல்லை என்று மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வைத்தது யார்? கையெழுத்து உங்களுடையதுதானே? இவளையும் மூட்டை முடிச்சோடு தெருவில் பார்க்க எனக்கு மனசில்லை. குழந்தை கொழுகொழுவென்று எடை ஏறிக்கொண்டிருந்தது. தாய் திடமாக இருந்தாள். திடமான ஒருத்தி தனியாக ஒரு குழந்தையை வளர்ப்பதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அவள் திடமாக இல்லை என்பது எனக்குத் தெரியாது. இப்போது நான் கேட்கிறேன். சட்டி கை தவறி விழவில்லை என்கிறார் டாக்டர். நின்ற நிலையிலேயே கொஞ்ச நேரம் நினைவு தப்பும் ஒருவகை வலிப்பாம். பல மாதமாகவே இருந்திருக்க வேண்டுமாம். போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று. "ஒண்ணும் இல்ல சிஸ்டர்." ஒவ்வொரு முறையும் அதே பதில், ஒப்பித்தது போல.

ஒப்பித்ததுதானா? உங்களிடம் ஏதாவது சொன்னாளா?

•

மார்ச் 20

சிஸ்டருக்கு,

உங்கள் கேள்வியைப் பார்த்தேன்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. துணி, பால் பவுடர், வாடகை, பள்ளிச் சேர்க்கை, இதுதான் என் வேலை. நோயைக் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் வேலை. பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டுவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவது நன்றாக இல்லை.

நீலக் கதவு விஷயத்தில் உங்களுக்குப் பாதிதான் தெரியும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலதிகாரியிடம் எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று உங்களிடம் வந்து சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

எனக்கு நிறைய வேலை இருக்கிறது.

•

மார்ச் 29

உனக்கு,

இனி "நீங்கள்" போட்டு எழுத என்னால் முடியாது. அந்த வேஷம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். போகக்கூடாது என்று மேட்ரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போனேன். கதவைச் சங்கிலியோடு கொஞ்சம் திறந்தாள். உள்ளே விடவில்லை. அவளுக்குப் பின்னால் கூடத்துக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் குழந்தை இல்லை, துணியை மட்டும் தினமும் துவைத்துப் போடுகிறாள் போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உடம்புல இந்த மாதிரி இருக்குன்னு எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். நர்ஸ் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன். வேறு மாதிரி கேட்க எனக்குத் தெரியவில்லை.

அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. "சென்டர் அக்காகிட்ட சொன்னேன் சிஸ்டர். சிஸ்டர்கிட்ட சொல்லிடாத, அவங்க எழுதிடுவாங்க, பாப்பாவத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அக்கா சொன்னாங்க. நாத்தனார் போயிட்டத உங்ககிட்ட சொன்னேன். அக்காகிட்ட சொல்லிடாத, வீடு போயிடும்னு நீங்க சொன்னீங்க. ரெண்டு பேரும் எனக்கு நல்லதுதானே நெனச்சீங்க? நான் ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். அவ்ளோதான் நான் செஞ்சது."

கதவைச் சாத்திவிட்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சாத்தினாள்.

உன் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் பஸ்ஸேறிப் போனேன். இறங்கி வரும்போது அந்தக் கோபத்தை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. போன கடிதத்தில் நான் எழுதியது முழு உண்மை இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததோடு நான் நிற்கவில்லை. உன்னிடம் சொல்லாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ வரும் நாளில் கொடியில் நாத்தனாரின் புடவை ஒன்றைக் காயப்போடு என்றுகூடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். என்னவோ பெரிய கெட்டிக்காரத்தனம் செய்வதாக நினைப்பு.

நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் பொய் எழுதாதே.

•

ஏப்ரல் 5

அக்கா,

அந்தப் புடவையை நான் பார்த்தேன். பச்சைப் புடவை. "நாத்தனார் வேலைக்குப் போயிட்டாளா?" என்று கேட்டேன். "ஆமாக்கா" என்றாள். அத்தோடு எனக்கு நிம்மதி.

மருத்துவம் படிக்காதவள் என்று எழுதினேனே, அதை எழுதின கையை உடைக்க வேண்டும். எனக்குத் தெரியும் அக்கா. மழைக்காலத்தில் ஒருநாள் பால் பவுடர் கொண்டு போயிருந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் நின்றது. கத்தி கையில் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. நான் கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன். கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து நறுக்க ஆரம்பித்தாள். "இப்படித்தான்கா, நின்னுகிட்டே காணாமப் போயிடுறேன். பாப்பா பொறந்ததுலேர்ந்து" என்றாள், என்னவோ கண்ணாடி வளையல் உடைந்ததைச் சொல்கிற மாதிரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே உங்களுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். ஆனால் தரைத்தளத்து அம்மா ஞாபகம் வந்துவிட்டது. தூக்க மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதி அனுப்பினீர்கள், அடுத்த வாரமே அவள் இரண்டு பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினார்கள். அந்த வண்டி பின்னால் அவள் செருப்பில்லாமல் ஓடியதைப் பார்த்தவள் நான். நீங்கள் அன்றைக்கு அங்கே இல்லை. அதனால் இவளிடம் சொன்னேன், "சிஸ்டர்கிட்ட மட்டும் மூச்சு விடாத. சாப்பிடாம தூங்காம இருக்க, அதான் இப்படி." டாக்டர் மாதிரி பேசினேன் அக்கா. சத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன். போகும்போது புத்திசாலி மாதிரி இன்னொன்றும் சொன்னேன்: "நாத்தனார் பக்கத்துல இருக்கும்போது மட்டும் பாப்பாவக் குளிப்பாட்டு."

"சரிக்கா" என்றாள். வேறென்ன சொல்வாள்? நாத்தனாரே இல்லை என்று அவளால் என்னிடம் சொல்ல முடியாது. நீங்கள் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறீர்கள். அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது. நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

மாதாமாதம் சென்டரில் நாம் உட்காருவோமே, டீயும் பிஸ்கட்டுமாக, ஒவ்வொரு குடும்பமாகச் சொல்லிக்கொண்டு? இரண்டு அலுவலகமும் கைகோத்து வேலை செய்கின்றன என்று நம்மைப் போட்டோகூட எடுத்து மாட்டினார்களே? ஒவ்வொரு தடவையும் மூன்றாம் மாடி வரும். "எப்படி?" என்பேன். "பிரச்சினை இல்லை. உனக்கு?" என்பீர்கள். "எனக்கும் இல்லை." அடுத்த வீட்டுக்குத் தாவிவிடுவோம். நீங்கள் மேற்கொண்டு கேட்கவில்லையே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் அக்கா. வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: அந்த வீடு வந்ததும் நீங்கள் அவசர அவசரமாக டீயை எடுத்துக் குடித்ததை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள்.

தனியாக இருப்பது உங்களுக்குத் தெரியும், உடம்புக்கு முடியாதது எனக்குத் தெரியும். இதில் ஏதாவது ஒன்றை ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் அந்தப் பிஞ்சுக் கால் வெந்திருக்காது. உங்களை வராந்தாவில் நிறுத்தி வைத்துக் கத்தினேனே, அப்போதே இதெல்லாம் என் தொண்டையில்தான் இருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

என்ன செய்யப் போகிறோம்?

•

ஏப்ரல் 9

உனக்கு,

படித்தேன். ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது, மத்தியானம் மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டு படித்தேன். தரைத்தளத்து அம்மா செருப்பில்லாமல் ஓடியது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அந்த அறிக்கையை அப்படி எழுதாமல் வேறு எப்படி எழுதியிருப்பேன் என்றும் தெரியவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

டீ விஷயம் உண்மை. சூட்டில் நாக்குப் பொத்துப்போகும், இருந்தாலும் குடிப்பேன்.

குழுக் கூட்டத்தில் என்னைக் காலையிலும் உன்னை மத்தியானத்திலும் தனித்தனியாக விசாரிப்பார்களாம். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தப் பொண்ணு மறைச்சிட்டா, எனக்குத் தெரியாதுன்னு முடிச்சுக்கோ. சர்வீஸ்ல கறை படியாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணம் என்றாலே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சொல்லப் போகிறேன். அவள் மறைத்தாள் என்றால் மறைக்கச் சொல்லிக் கொடுத்தது நான். அவள் சொன்ன பொய் ஒவ்வொன்றும் நம் வாயிலிருந்து எடுத்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள், ஆளுக்குப் பாதியாக. இதை நான் மட்டும் சொன்னால் போதாது. என் பாதியை மட்டும் கேட்டால், தனியாக இருந்ததுக்குச் சரி, நோயை ஏன் மறைத்தாள் என்பார்கள். உன் பாதியும் வேண்டும்.

வற்புறுத்தவில்லை. உனக்கு இன்னும் நிறைய வருஷம் வேலை இருக்கிறது, வீட்டில் உன் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் காலையிலேயே முடிந்துவிடும், பஸ் பிடித்துப் போய்விடுவேன். நீ என்ன சொன்னாய் என்று வாசலில் நின்று காவல் காக்க மாட்டேன்.

•

ஏப்ரல் 27

அக்கா,

சொல்லிவிட்டேன்.

முதலில் சொல்ல வரவில்லை. எங்கள் டைரக்டர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், கண்ணாலேயே வாயைப் பூட்டினார். நான் சென்டரின் சேவைகளைப் பற்றி ஏதோ உளறினேன். குழுவின் தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "காலைல நர்ஸ் ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க. அவங்ககிட்ட சொல்லாதன்னு நீங்க அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். மூன்றாம் மாடிக்காரி கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் என்ன சொல்வேன் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டேன். வெங்காயம், டானிக், டீ எல்லாவற்றையும்.

"நம்பத் தகாதவர்" என்பதை அடித்துவிட்டார்கள். மகாராணியை இப்போதே தரவில்லை. தாய்க்கு மருந்து பிடிக்கிறதா என்று மூன்று மாதம் பார்ப்பார்கள். நாத்தனார் திரும்பி வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதுவரை பெற்றவள் வாரம் ஒருமுறை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம். கால் தழும்பு போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னைக் குடும்பங்களிடமிருந்து எடுத்து, நன்கொடைத் துணி பிரிக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். சட்டைக்குப் பித்தான் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அது கிடக்கட்டும்.

கடைசியில் தலைவரம்மா அவளிடம், இனி புது நர்ஸ் ஒருவரும் புதுப் பணியாளர் ஒருவரும் வருவார்கள் என்றார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "புதுசா யாரும் வேணாம் மேடம். மறுபடி மொதல்லேர்ந்து யாருக்கு எதச் சொல்றது, எத விடறதுன்னு என்னால முடியாது. இவங்க ரெண்டு பேரே வரட்டும். ஆனா சேந்துதான் வரணும். ஒருத்தரா வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

தலைவரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நம் இருவரையும் விடச் சொல்லி இரண்டு அலுவலகத்துக்கும் உத்தரவு போட்டார்.

வெளியே அவள் பின்னால் ஓடினேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். கையை உருவிக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்கக்கா. உங்க ரெண்டு பேருக்கும்தான் எல்லாம் தெரியும், அதுக்காகத்தான். பாப்பா கால் ஞாபகம் வர்றப்பல்லாம் உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் சேந்துதான் ஞாபகம் வருது."

அவள் போன பிறகும் வாசல் மரத்தடியிலேயே நின்றேன். அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

எப்போது வருகிறீர்கள்? என்ன சொல்ல வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும் என்று நாம் இருவரும் முன்னாடியே ஒருதரம் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளலாமா?

•

மே 2

உனக்கு,

சனிக்கிழமை காலை வருகிறேன். மேட்ரன் உத்தரவைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், லீவு கொடுத்துவிட்டார்.

முன்னாடியே பேசி வைத்துக்கொள்வது வேண்டாம். அவளுக்குத் தெரியாமல் நாம் அவளைப் பற்றிப் பேசியது போதும். கேட்க வேண்டியதை அவள் எதிரிலேயே கேட்போம், சண்டை வந்தாலும் அங்கேயே போட்டுக்கொள்வோம். இந்தக் கடிதங்களும் அவளுக்குத் தெரியாமல் எழுதியவைதானே? உன்னிடம் இருப்பவற்றை எடுத்து வா, நானும் கொண்டு வருகிறேன். படிக்கிறேன் என்றால் படிக்கட்டும். நாம் அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்க்க அவளுக்கு உரிமை இருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எனக்கு முதல் பஸ், உனக்கு முன்னால் வந்துவிடுவேன். கட்டடத்துக்குக் கீழே நிற்பேன். நீ வரும்வரை படியேற மாட்டேன்.